மல்லாட்டை ஏன் மலடாகவில்லை?

கேள்வி: மல்லாட்டை (நிலக்கடலை) இரண்டு வேறு இனச் செடிகள் கலந்து பிறந்தது என்கிறான் காலேஜில் படிக்கும் என் மகன். குதிரைக்கும் கழுதைக்கும் பிறக்கிற கோவேறு கழுதை மலடாயிற்றே! இது மட்டும் எப்படிக் கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது?
– ஒரு விவசாயி, சேதராப்பட்டு

பதில்: பையனுக்குக் கட்டிய ஃபீஸ் வீண்போகவில்லை, ஐயா! தாய் அராக்கிஸ் டூரானென்சிஸ், தகப்பன் அராக்கிஸ் இபாயென்சிஸ். தென் அமெரிக்காவில் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் நடந்த கலப்பு மணம். ஆளுக்கு 20 குரோமோசோம். பிள்ளைக்குப் பாதிப் பாதியாக 10ம் 10ம் வந்தன. எதற்கும் சரியான ஜோடி இல்லை. ஜோடி சேராவிட்டால் மகரந்தமும் கருமுட்டையும் ஒழுங்காக உருவாகாது, அதுதான் மலட்டுத்தன்மை.

ஆனால் செடிகளில் எப்போதாவது பாதியாகப் பிரிய வேண்டியது பிரியாமல் முழுசாகவே விதைக்குள் போய்விடும். 20 என்பது 40 ஆனது. ஒவ்வொன்றுக்கும் அச்சாக ஒரு ஜோடி கிடைத்தது, வம்சம் தழைத்தது. கோதுமையும் அமெரிக்கப் பருத்தியும் இதே வழியில் வந்தவைதான்.

இதற்கு விலையும் உண்டு. 20 உள்ள காட்டு உறவுகளோடு இனி எளிதில் கலக்க முடியாது. அவற்றின் நோய் எதிர்ப்புச் சக்தியும் எளிதில் உள்ளே வராது. அதனால்தான் இலைப்புள்ளியும் துருநோயும் வந்தால் உங்கள் கொல்லை அப்படித் தவிக்கிறது. அராக்கிஸ் கார்டெனாசி என்ற காட்டுச் செடியின் எதிர்ப்புச் சக்தியை விஞ்ஞானிகள் பாடுபட்டுத்தான் உள்ளே கொண்டுவந்தார்கள். தார்வாட் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜி.பி.பி.டி. 4 ரகத்தில் அந்த ரத்தம் ஓடுகிறது. இப்படிக் கலக்கும்போது குரோமோசோமை இரட்டிப்பாக்க உதவும் மருந்து கோல்ச்சிசின். அது நம் செங்காந்தள் விதையிலேயே இருக்கிறது!