பாயிண்ட் முப்பத்தெட்டு அண்ணன்

துப்பாக்கியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் துப்பாக்கி நிபுணர் ஆவதற்கு மலேசியாவை விட்டால் தோதான நாடு கிடையாது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, காற்றுத் துப்பாக்கிக்கே லைசன்ஸ் வேண்டும். லைசன்ஸ் இல்லாத நிஜத் துப்பாக்கி என்றால் 7 ஆண்டுவரை சிறை, அல்லது 10,000 வெள்ளிவரை அபராதம், அல்லது இரண்டும். அது போதாதென்று 1971இல் இன்னொரு சட்டம் வந்தது: 14 ஆண்டுவரை சிறை, ஆறுக்குக் குறையாத ரோத்தான் அடி. பொம்மைத் துப்பாக்கியை நீட்டிக் கொள்ளையடித்தாலும் ரோத்தான் உண்டு. இப்படிப்பட்ட நாட்டில் ரிவால்வர் பிரியராக இருப்பது, கல்யாணமே ஆகாதவன் பேரப்பிள்ளைக்குப் பெயர் தேடுவது போல. ஆசை குறையவே குறையாது.

எங்கள் சாலாக் செலாத்தானில் அப்படி ஒருவர் இருக்கிறார். ஒருவர்தான் என்று பெருமைப்பட முடியாது. பிரிக்பீல்ட்ஸ், செந்தூல், கிள்ளான் என்று இடத்துக்கு ஒருவர் இருக்கத்தான் செய்கிறார்கள். எங்களவருக்குப் பெயர் பாயிண்ட் முப்பத்தெட்டு அண்ணன். பிறப்புப் பத்திரத்தில் இருக்கும் பெயரை அவர் மனைவியே எப்போதாவதுதான் சொல்கிறார். வேலை, ஒரு லோரி கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். மாலை ஆறரைக்கு எல்.ஆர்.டி. நிலையத்துக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் ஆஜர்.

அவர் உட்காரும் இடத்திலேயே அவரை அடையாளம் கண்டுகொள்ளலாம். முதுகு சுவரைப் பார்த்து, முகம் வாசலைப் பார்த்து. அமெரிக்காவில் வைல்ட் பில் ஹிக்காக் என்று ஒரு துப்பாக்கி வீரன் இருந்தான், எப்போதும் சுவரோரமாகவே உட்காருவான், ஒரே ஒரு நாள் இடம் கிடைக்காமல் வாசலுக்கு முதுகைக் காட்டிச் சீட்டாடினான், பின்னந்தலையில் சுட்டுவிட்டார்கள், 1876 ஆகஸ்ட் 2 என்று தேதியோடு சொல்வார். கதை உண்மைதான். ஆனால் எங்கள் கடையில் சுவரோர மேசை கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வாழை இலைச் சோறு சாப்பிட்டு எழுந்தவர்கள் கையைக் கழுவி உதறும் தண்ணீர் முழுக்க அண்ணன் தலையில்தான். துடைத்துக்கொண்டே வாசலைக் கண்காணிப்பார்.

ரிவால்வரா, ஆட்டோமேட்டிக்கா என்ற வழக்கில் அவர் தீர்ப்பு எப்போதோ வந்துவிட்டது. "ஆட்டோமேட்டிக் ஜாம் ஆகும் தம்பி. ரிவால்வர்ல ஒரு தோட்டா வெடிக்கலைன்னா என்ன? மறுபடி அமுக்கு. அடுத்த அறை தானா வந்து நிக்கும்." இது சரியான பேச்சு. விசையை இழுத்தால் உருளை ஓர் அறை திரும்பும். சுத்தியல் பின்னால் போய் விழும். மக்கர் செய்த தோட்டா ஒதுங்கி அடுத்தது முன்னால் வரும். இதைப் புரியவைக்க அவர் கையாளும் கருவி மசால் வடை. தட்டில் ஆறு வடையை வட்டமாக அடுக்கி, தட்டை மெல்லத் திருப்பி, ஒவ்வொரு 'டிஷ்யூம்'க்கும் ஒரு வடையை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். பாடம் பாதியில் இருக்கும்போது பக்கத்தில் இருப்பவர் ஒரு வடையைக் கிள்ளிவிட்டால் கோபிக்கமாட்டார். "பரவால்ல, இப்ப இது ஜே ஃப்ரேம். அஞ்சு அறை. பாக்கெட்டுக்கு அடக்கமா இருக்கும்" என்று மாடலை மாற்றிக்கொள்வார்.

நம் போலீஸ்காரர்களின் இடுப்பில் இருந்த ஸ்மித் அண்ட் வெசன் பாயிண்ட் 38 போய் வால்தர் பி-99 வந்ததை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை. இத்தனைக்கும் ஜேம்ஸ் பாண்ட் படத்தில் வால்தர் வந்தால் கைதட்டுவார். தியேட்டரில் அவரோடு படம் பார்ப்பது தனி அனுபவம். கதாநாயகன் சுடச் சுட வாய்விட்டு எண்ணுவார். "அஞ்சு... ஆறு... ஏழா? ஏழு எப்படிடா வந்துச்சு?" முன்வரிசைக்காரர்கள் திரும்பி முறைப்பார்கள். பழைய ஜெய்சங்கர் படம் என்றால் இருபதைத் தாண்டியும் எண்ணிக்கை போகும், அங்கே மட்டும் ஒரு சலுகை, "அவரு ஜெய், எத்தனை வேணும்னாலும் சுடலாம்."

ஜனவரி 12 வந்தால் தனிச் சொற்பொழிவு. 1967இல் அன்றுதான் ராமாவரம் வீட்டில் எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார், தன்னையும் சுட்டுக்கொண்டார். இருவரும் பிழைத்தார்கள். கழுத்தில் கட்டோடு எம்.ஜி.ஆர். இருக்கும் சுவரொட்டி தமிழ்நாடு முழுக்க ஒட்டப்பட்டு, தேர்தலில் தி.மு.க. ஆட்சிக்கு வந்தது. எம்.ஜி.ஆரின் குரல் மட்டும் பழையபடி திரும்பவில்லை. "தமிழ்நாட்டு அரசியலையே மாத்துனது ஒரு ரிவால்வர்" என்று அண்ணன் முடிப்பார். அறிஞர் அண்ணாவுக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு என்று நான் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். கேலிபர் என்ன என்பது போல என்னைப் பார்த்தார்.

இனி முக்கியமான விஷயம்: எதை, எங்கே வைத்துக்கொண்டு நடமாடுவது. வலது இடுப்புக்குச் சற்றுப் பின்னாலா, அக்குளுக்குக் கீழேயா, கணுக்காலிலா என்று அவர் எல்லோருக்கும் ஆலோசனை வழங்குவார். இருப்பதாக நினைத்துக்கொண்ட ரிவால்வர் வெளியே தெரியக்கூடாது என்பதற்காகச் சட்டையை உள்ளே விடுவதே இல்லை. கல்யாண வீட்டுக்கும் அப்படித்தான். நாலங்குலக் குழல் வைத்த பழைய ஸ்மித் அண்ட் வெசன் கிட்டத்தட்ட ஒரு கிலோ வரும் என்பதால், பழக்கத்துக்காக ஒரு கிலோ சீனிப் பாக்கெட்டை இடுப்புப் பையில் கட்டிக்கொண்டு பத்துமலைப் படி ஏறியிருக்கிறார். 272 படி. பாதியில் பாக்கெட் பிரிந்துவிட்டது. அன்றைக்குப் பத்துமலைக் குரங்குகள் அவரைக் கொண்டாடிய மாதிரி யாரையும் கொண்டாடியதில்லை.

நிஜத்தில் அந்தப் பையில் இருப்பவை: கோடாலித் தைலம், டச் என் கோ கார்டு, படிக்கிற கண்ணாடி, சர்க்கரை மாத்திரை, சின்ன டார்ச் லைட், வீட்டுக்காரம்மா எழுதிக் கொடுத்த சாமான் லிஸ்ட்.

அந்த அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2014இல் இந்தியாவில், கான்பூர் தொழிற்சாலையில், பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற ரிவால்வரைச் செய்தார்கள். பாயிண்ட் 32, அரைக்கிலோ எடை, விலை ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம் ரூபாய். செய்தியை அண்ணன் ஆசையாக வாசித்துக் காட்டியிருக்கிறார். "ஏங்க, அந்தக் காசுக்கு முதல்ல ஒரு சங்கிலி வாங்கிக் குடுங்க. காப்பாத்துறதுக்கு ஒரு பொருள் வேணும்ல?" என்று கேட்டதோடு விவாதம் முடிந்தது. இன்னொரு நாள், லண்டன் ஒலிம்பிக்கில் நம் நாட்டு நூர் சுர்யானி எட்டு மாதக் கர்ப்பத்தோடு நின்று ஏர் ரைஃபிள் போட்டியில் சுட்ட கதை. மூச்சை அடக்கும் நுணுக்கத்தை அண்ணன் விளக்க, அந்த அம்மா அவர் வயிற்றைப் பார்த்தார். "அந்தப் பொண்ணுகிட்ட இருந்ததுல ஒண்ணு உங்ககிட்டயும் இருக்கு. மத்ததுக்கு என்ன வழி?"

அண்ணன் ஒருமுறை லைசன்ஸ் பற்றி விசாரிக்கப் போலீஸ் பாலாய்க்கே போனார். எதற்குத் துப்பாக்கி என்று கேட்டார்கள். நகைக் கடையா? இல்லை. பெரிய தொகை கையாளுகிற வியாபாரமா? இல்லை. தோட்டத்தில் காட்டுப்பன்றித் தொல்லையா? அண்ணன் குடியிருப்பது அடுக்குமாடியில், பதினோராவது மாடி. பன்றி வர வேண்டுமென்றால் லிஃப்ட் வேலை செய்ய வேண்டும்.

இத்தனை பேச்சையும் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்பவர் சார்ஜன். ஓய்வு பெற்ற போலீஸ் சார்ஜன். ஒரே தோட்டத்துப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த சினேகிதம். வேடிக்கை என்னவென்றால், அண்ணன் வாழ்நாள் முழுக்கப் பேசிய அதே பாயிண்ட் 38ஐ நிஜமாகவே இடுப்பில் சுமந்தவர் அவர்தான். அதைப் பற்றி வாயே திறக்கமாட்டார். வற்புறுத்தினால் மூன்று தகவல் கிடைக்கும். ஒன்று, பெல்ட் இடுப்பை அறுக்கும். இரண்டு, காலையில் கையெழுத்துப் போட்டு வாங்கும்போது தோட்டாவை எண்ண வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போதும் எண்ண வேண்டும். ஒன்று குறைந்தால் அன்று வீட்டுக்குப் போக முடியாது. மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கும். "டேய், கக்கூஸுக்குப் போனா அதை எங்கடா வைக்கிறது? தரையில வைக்க முடியாது. ஆணியில மாட்டினா மறந்துட்டு வந்துருவோம். சர்வீஸ் முழுக்க எனக்கு அந்த ஒரு கவலைதான்."

அண்ணனுக்கு இந்தப் பதில் பிடிக்கவே பிடிக்காது. கொள்ளைக் கும்பல் தலைவன் போத்தாக் சின் காலத்துக்குப் போய்விடுவார். 1975 நவம்பரில் அந்தக் கும்பல் சுட்டும் பிழைத்த நம்ம போலீஸ் அதிகாரி குலசிங்கத்தைப் பற்றிப் பேசும்போது நிமிர்ந்து உட்காருவார். அந்தப் பெருமை நியாயமானதுதான். அப்புறம் தாதா பெந்தோங் காளி. இங்கேதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். போத்தாக் சின்னை 1981 ஜூனில் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். பெந்தோங் காளியான காளிமுத்து என்ற நம்ம பையன் 1993 ஜூன் 29 அன்று மேடான் டாமன்சாராவில் போலீஸ் சுட்டுச் செத்தான். நிஜத் துப்பாக்கி கையில் இருந்தவர்களுக்கு எந்த மாடல் நல்லது என்று வடை வைத்து விளக்க அவகாசம் இருந்ததாகத் தெரியவில்லை. சார்ஜன் இந்தக் கட்டத்தில் எப்போதும் எழுந்து இன்னொரு தே தாரிக் சொல்லப் போய்விடுவார்.

போன தீபாவளிக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் அண்ணனின் இடுப்புப் பையை அறுத்துக்கொண்டு போனார்கள். சட்டை வெளியே தொங்கியதால் உள்ளே என்னவோ இருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும். அன்று மாலை அண்ணன் கொதித்துப் போயிருந்தார்.

"என்கிட்ட மட்டும் அது இருந்திருந்தா..."

"இருந்திருந்தா இப்ப அவன்கிட்ட இருந்திருக்கும்," என்றார் சார்ஜன். "நீ பாலாய்ல உக்காந்து ரிப்போர்ட் எழுதிக்கிட்டு இருப்ப."

"கிண்டல் பண்ணாத லா. ஒண்ணு வாங்கத்தான் போறேன். தாய்லாந்து பக்கம் கிடைக்குமாம்."

சார்ஜன் கிளாஸைக் கீழே வைத்தார். பாலாயில் பேசுகிற குரல் அப்போதுதான் வெளியே வந்தது.

"நீ வாங்குனா உனக்கு மட்டும் இல்ல. அந்த 71ஆம் வருஷச் சட்டத்துல இன்னொண்ணும் இருக்கு. லைசன்ஸ் இல்லாத துப்பாக்கிய ஒருத்தன் வச்சிருக்கான்னு தெரிஞ்சும் அவன்கூடச் சுத்துறவனுக்கும் ஜெயில், ரோத்தான். அப்புறம் நான் உன் எதிர்ல உக்காந்து தண்ணி குடிக்க முடியாது. உனக்கு அது வேணுமா, நான் வேணுமா? சொல்லு, இந்தத் தே தாரிக்கோட எந்திரிச்சுடறேன்."

அண்ணன் யோசித்தார். அவர் அவ்வளவு நேரம் வாசலைப் பார்க்காமல் இருந்து நான் பார்த்ததில்லை. கை கழுவ வந்த ஒருவர் உதறிய தண்ணீர் நெற்றியில் வழிந்ததைக்கூடத் துடைக்கவில்லை.

"ஏர் கன்?" என்றார் கடைசியில்.

"அதுவும் சட்டத்துல துப்பாக்கிதான்."

"பொம்மை?"

"பொம்மைக்கும் பதில் சொல்லணும்."

"லாஸ்டிக்?"

சார்ஜன் கொஞ்சம் தடுமாறினார். "லாஸ்டிக்குக்கு... எனக்குத் தெரிஞ்சு ஒண்ணும் இல்ல."

மறுநாள் மாலை நான் போனபோது சுவரோர மேசையில் கொய்யா, புளி, ரம்புத்தான் என்று கவணுக்கான மூன்று கவைக் கொம்புகள் கிடந்தன. பரிமாறுகிற பையன் இலையோடு நின்றுகொண்டிருந்தான். சார்ஜன் எதிர் நாற்காலியில் வடையைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

"ரம்புத்தான் பளிச்சுன்னு முறிஞ்சுரும் தம்பி. கொய்யாதான். இருவது வருஷம் ஆனாலும் ஜாம் ஆகாது. இப்ப கேள்வி என்னன்னா, இதை இடுப்புல சொருகுறதா, கணுக்கால்ல கட்டுறதா?"