ஐஸுக்குள் ஒரு மூடி

ஞாயிறு விடிகாலையில் காசிமேட்டில் மீனைவிடக் கேமராக்கள் அதிகம். வஞ்சிரம் என்ன விலை என்று கேட்க யாரும் குனிவதில்லை, 50 மி.மீ. லென்ஸில் 1.8 போதுமா, 1.4 வேண்டுமா என்பதுதான் பேச்சு. 1.4 கூடுதலாகத் தரும் வெளிச்சம் முக்கால் ஸ்டாப்கூட இல்லை. விலைதான் பல மடங்கு (வாங்கியவர் வீட்டில் பாதிதான் சொல்லியிருப்பார்). அப்படிப்பட்ட ஒருவரின் லென்ஸ் மூடி கூடைக்குள் உருண்டுவிட, ஐஸைக் கிளறிக்கொண்டிருந்தார். “இன்னா சார், மோதிரம் எதுனா வுழுந்துச்சா?” என்றார் கூடைக்கார அம்மா.

ஃபிலிம் போட்ட லைக்கா எம் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் வியூஃபைண்டர் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மூடியைக் கழற்றாமலே 36 படத்தையும் ரசித்து எடுத்து முடிக்கலாம். கறுப்பு வெள்ளைப் படத்தில் வெள்ளை மட்டும் வராது.