பேரீச்சம்பழத் திட்டம்

குப்பையை மக்குவது, மக்காதது, அபாயமானது என மூன்றாகப் பிரித்து, வீடு தேடி வந்து வாங்க வேண்டும் என்றது 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதி. உள்ளாட்சிகள் பச்சை, நீலத் தொட்டிகள் வாங்குவதில் குறை வைக்கவில்லை. நாமும் பிரித்துத்தான் கொடுக்கிறோம். பல ஊர்களில் தெருமுனை தாண்டியதும் எல்லாம் ஒரே வண்டியில் சமத்துவபுரம் கண்டு குப்பைமேட்டுக்குப் போய்ச் சேருகின்றன.

விதியே இல்லாத காலத்தில், 'பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்' என்று கூவி வந்தவர் வாசலிலேயே தரம் பிரித்தார், எடை போட்டார், பண்டமும் கொடுத்தார். (தராசு அவர் பக்கம் கொஞ்சம் சாயும், சேவைக் கட்டணம் என்று வைத்துக்கொள்வோம்.) அவரை ஊக்குவிக்க யாரும் கருத்தரங்கு நடத்தியதில்லை. உள்ளாட்சிகளுக்கோ ஊக்கம் வேண்டுமாம். கவுன்சிலருக்கு ஆளுக்கு நாலு பேரீச்சம்பழம் கொடுத்துப் பார்க்கலாமே.