பேஸ் பத்தலை!

நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் எலெக்ட்ரானிக்ஸ் கண்காட்சி என்று போர்டு தொங்கினால் போதும், ஆள் ஆஜர். வாங்க இல்லை, மாட்டிப் பார்க்க. எனக்கு அவர் சகலை. உங்களுக்கு மாமாவாகவோ மேனேஜராகவோ வாய்த்திருப்பார்.

ஹெட்போனை மாட்டியதும் கத்த ஆரம்பித்துவிடுவார். தன் காதை அடைத்துக்கொண்டதும் ஊருக்கே காது போய்விட்டதாக நினைப்பு. "தம்பி! பேஸ் பத்தலை!" பக்கத்து ஸ்டாலில் மிக்ஸி பார்த்துக்கொண்டிருந்த அம்மா திடுக்கிட்டுத் திரும்புகிறார். இரைச்சலை அடக்கும் ரகம் என்றால் இன்னும் விசேஷம். வெளிச்சத்தத்தை மைக்கில் பிடித்து, அதற்கு நேரெதிர் அலையை உள்ளே விட்டு, ஏ.சி. உறுமலையே அது அமுக்கிவிடுகிறது. சகலையை அமுக்கத்தான் வழியில்லை. "இது எப்படி வந்துச்சு தெரியுமா தம்பி? அமர் போஸ்! அப்பா வங்காளி! 1978-ல ஜூரிச்ல இருந்து வர்றப்போ பிளேன்லயே கணக்குப் போட்டாரு!" ஸ்டால் பையன் பணிவாக, "சார், நாங்க வேற கம்பெனி" என்கிறான். அவருக்கு எங்கே கேட்கிறது?

சோதிக்க ஒரே பாட்டுதான்: 1991-ல் வந்த 'தளபதி'யின் 'ராக்கம்மா கையத் தட்டு'. 2002-ல் பி.பி.சி. நடத்திய உலக வாக்கெடுப்பில் நாலாவதாக வந்த பாட்டு, தேர்வில் குற்றமில்லை. ஆனால் ஆரம்ப வயலின் முடிவதற்குள் கழற்றிவிடுவார். பேஸ் பத்தலை. அடுத்த ஸ்டால். மறுபடி வயலின். பத்தலை. சென்ற தடவை பதினோரு ஹெட்போன், பதினோரு வயலின். ராக்கம்மா ஒரு முறைகூடக் கை தட்டவில்லை.

இயர்போனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். திருகி உள்ளே விட்டு, பிடுங்கி, சட்டையில் ஒரு தேய் தேய்த்து, "சகலை, நீங்களும் கேளுங்க" என்று நீட்டுவார். ரப்பர் நுனியில் குறும்பி. ஸ்டால் பெண் அதை இரண்டு விரலால் வாங்கி ஈரத்தாளில் துடைக்கும்போது அவள் முகத்தை நான் பார்ப்பதில்லை.

ஒரு தடவை எங்களுக்குப் பின்னால் யூனிஃபார்மில் ஒரு பள்ளிக்கூடப் பையன். விலை அட்டையைப் பார்ப்பதும் பேன்ட் பாக்கெட்டைத் தொட்டுப் பார்ப்பதுமாக அரை மணி நேரம் நின்றான். பிறகு, முறை வராமலே போய்விட்டான். வாங்க வந்தது அவன் ஒருவன்தான். இதில் எனக்கு நிஜமாகவே கோபம்.

கடைசி ஸ்டாலில் என்ன தோன்றியதோ, பெரிய ஹெட்போன் ஒன்றை அவரே என் தலையில் வைத்து, கண்ணாடிக் காம்பு அழுத்தாமல் பதமாகச் சரிசெய்தார். வயலின் தாண்டியது. எஸ்.பி.பி. வந்தார். கோரஸில் ஒவ்வொரு குரலும் தனித்தனியாக நின்றது. இனி ஸ்வர்ணலதாவின் தேவாரம் வர வேண்டும், கண்ணை மூடிக்கொண்டேன்.

உருவிவிட்டார்.

"என்ன சகலை, பேஸ் பத்தலை இல்ல?"

அந்தப் பாட்டுக்குள் ஒரு தேவாரம் இருப்பதே மனிதருக்குத் தெரியாது.