சார்ஜ் ஏற ஒரு கிரிவலம்

எழுபதுகளில் அம்பாசடர் நின்ற வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லவருவது உடனே பிடிபடும். காலையில் வண்டி கிளம்புமா கிளம்பாதா என்பது ஓட்டுகிறவரின் தனிக் கவலையாக இருந்ததில்லை. அது குடும்பத்துக்கே பொது, அதில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு, எதிர்வீட்டு வாத்தியாருக்கு இரண்டு உண்டு. பெரியப்பா சாவியைத் திருப்பி செல்ஃப் போடுவார். அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல் வரும், அப்புறம் ‘டக்’ என்று ஒற்றைச் சத்தம், அவ்வளவுதான். பால்காரர் சைக்கிளை ஸ்டாண்ட் போட்டுவிட்டு யாரும் கூப்பிடாமலே பின்பக்கம் போய் நின்றுகொள்வார், வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டுவார், நாங்கள் பையன்கள் பம்பரில் கை வைக்க இடம் பிடிக்க அடித்துக்கொள்வோம், தேரடித் தெரு வரைக்கும்கூடத் தள்ளியிருக்கிறோம். வண்டி இருமிக்கொண்டு உயிர் பெறும்போது கிளம்பும் அந்தப் பெட்ரோல் புகை வாசத்துக்கு இணையான வெற்றி வாசம் எதையும் பிற்பாடு எந்தப் பதவி உயர்விலும் நான் முகர்ந்ததில்லை.

தள்ளியும் கிளம்பாத நாட்களில் பேட்டரி செங்கம் ரோட்டுக்குப் போகும். அங்கே ஒரு பாய் கடை வைத்திருந்தார். கறுப்பு எபோனைட் பெட்டிகள் வரிசையாகப் பலகைமேல் உட்கார்ந்து ஆசிட் நாற்றத்தோடு குமிழி விட்டுக்கொண்டிருக்கும். சிமெண்டுத் தரையில் வைத்தால் சார்ஜ் பூமிக்குள் இறங்கிவிடும் என்பது பாயின் சித்தாந்தம். பிளாஸ்டிக் பெட்டி வந்து பல வருஷங்களாகியும் இன்றைக்கும் பேட்டரிக்குப் பலகை தேடுகிறவர்களை நான் பார்க்கிறேன், அவர்களில் நானும் ஒருவன். லுங்கியெல்லாம் ஆசிட் தெறித்த பொத்தல்களோடு பாய் ஹைட்ராமீட்டரை ஒவ்வொரு மூடிக்குள்ளும் விட்டு உறிஞ்சி, மிதவையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, “ஐந்து செல்லும் 1250 காட்டுது முதலாளி, ஒண்ணு மட்டும் படுத்துட்டுது” என்பார். நம் பேட்டரி சார்ஜ் ஏறும்வரை வாடகைக்கு ஒன்று தருவார். காசு? “தீபத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம்.”

டைனமோவைச் சோதிக்க அவரிடம் ஒரு வித்தை இருந்தது. எஞ்சின் ஓடும்போதே பேட்டரி முனையை வெடுக்கென்று கழற்றிவிடுவார். வண்டி நிற்காமல் ஓடினால் டைனமோ வேலை செய்கிறது, நின்றால் செய்யவில்லை. மீட்டர் இல்லை, சீட்டு இல்லை, ஒரு விநாடியில் தீர்ப்பு. இதே வித்தையை இன்றைய ஆல்டர்னேட்டர் வண்டியில் செய்தால் மின்னழுத்தம் எகிறி டையோடுகள் போய்விடும், வண்டியின் கம்ப்யூட்டரும் கூடவே போகலாம். அன்றைக்கு அதைப் பார்த்து வாய்பிளந்த நான் ஒரு பல்பில் இரண்டு ஒயரை முறுக்கி டெஸ்ட் லாம்ப் செய்து சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டு திரிந்தேன். காலேஜ் போகும் வயதிலும் அது பையில் இருந்தது. எந்த வண்டிக்கு எந்த நோய் என்றாலும், “ரெகுலேட்டர் போயிருக்கும்” என்பேன். அந்தச் சொல்லை உச்சரிக்கையில் நான் எஞ்சினியர் போலத் தெரிகிறேன் என்று எனக்கு அபார நம்பிக்கை.

சார்ஜ் ஏறி வந்த பேட்டரியை மாட்டிய அன்று ராத்திரி பெரியப்பா சொல்வார்: “வாங்கடா, ஒரு சுத்து போய்ட்டு வரலாம். ஓடினாத்தான் டைனமோ நல்லா ஏத்தும்.” சுத்து என்றால் மலையைச் சுற்றித்தான். பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதை அப்போது பௌர்ணமியிலும் இன்றைய கூட்டம் காணாதது. மற்ற நாட்களில் ராத்திரி ஒன்பதுக்கு மேல் எங்கள் ஹெட்லைட்டைத் தவிர அங்கே வெளிச்சமே கிடையாது. முன் சீட்டில் நாலு பேர், பின் சீட்டில் கணக்கில்லை. அக்னி லிங்கம், எம லிங்கம், நிருதி லிங்கம் என்று ஒவ்வொரு லிங்கத்துக்கும் பெரியப்பா ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார், பெரியம்மா இரண்டு கையையும் எடுக்கும்படி கண்டிப்பாள், புளியமரங்கள் வெளிச்சத்துக்குள் வந்து வந்து போகும். பேட்டரிக்குச் சார்ஜ், எங்களுக்குப் புண்ணியம், ஒரே பெட்ரோலில்.

இந்த வயதில் உட்கார்ந்து அதற்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கால டைனமோ முழு மூச்சில் தந்தது ஏறக்குறைய 22 ஆம்பியர். ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து ஏழெட்டு ஆம்பியர் தின்றுவிடும், காயிலும் பின்விளக்கும் இன்னும் நாலைந்து. மிச்சம் பத்து என்று வையுங்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் மலையைச் சுற்ற 21 நிமிஷம். ஆக, அருணாசலத்தை முழுசாக வலம் வந்ததில் 60 ஆம்பியர்-மணி பேட்டரிக்குக் கிடைத்தது மூன்று, மூன்றரை. அதிலும் கொஞ்சத்தை அடுத்த நாள் காலை செல்ஃப் மோட்டார் தின்றிருக்கும். பகலில் போயிருந்தால் கூடக் கொஞ்சம் தேறியிருக்கும். ஆனால் பகலில் போயிருந்தால் எங்களில் யாருக்கு இன்று அது ஞாபகம் இருக்கப்போகிறது?

பெரியப்பாவுக்குப் பிறகு வண்டி கொட்டகைக்குள் போயிற்று. வேர்க்கடலை மூட்டை ஏறியது, புளிப்பானை ஏறியது, அதன்மேல் பழைய தொட்டில் ஏறியது. 2014-ல் உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி நின்றது. 2017-ல் அம்பாசடர் என்ற பெயரை மட்டும் பிரான்ஸ் நாட்டுப் பெஷோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கிற்று. பெயருக்கு 80 கோடி. பெயரோடு சேர்ந்து சக்கரமும் சீட்டும் வைத்திருந்த எங்கள் வண்டிக்குப் பழைய இரும்புக்காரர் சொன்ன விலையை நான் வெளியே சொல்வதில்லை. அப்படியிருக்க, தம்பி மகன் பெங்களூரிலிருந்து போன் செய்தான். கல்யாணத்துக்கு முன் எடுக்கும் போட்டோவுக்கு அந்த வண்டிதான் வேண்டுமாம். எங்களைத் தள்ளவைத்த வண்டியில் அவர்கள் சாய்ந்து நிற்கப்போகிறார்கள்.

பெட்ரோல் டாங்க், கார்புரேட்டர், பிரேக் எல்லாம் பணமும் பொறுமையும் வைத்தால் தீருகிற விஷயங்கள், தீர்ந்தன. சார்ஜ்தான் ஏறவில்லை. புது பேட்டரி மாட்டி எஞ்சினை ஓட்டினால் சிவப்பு விளக்கு அணைய மறுத்தது. வந்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் தம்பிக்கு இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும், கையில் டிஜிட்டல் மல்டிமீட்டர். “ஆஃப்ல 12.6 இருக்குது சார். ஓடறப்போ 14 கிட்ட வரணும். இது இறங்கிகினே இருக்குது.” பானெட்டுக்குள் தலையை விட்டு வெகுநேரம் தேடினான். “இன்னா சார் இது, ஆல்டர்னேட்டரே இல்லியே?”

அவன் டைனமோவைப் பார்த்ததே இல்லை. எனக்குள் அந்தப் பழைய டெஸ்ட் லாம்ப் பையன் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டான். டைனமோவுக்குள் நிரந்தரக் காந்தம் கிடையாது, தம்பி. காயில் சுற்றிய இரும்பு, போன தடவை ஓடியபோது வாங்கிய காந்தத்தில் துளி மிச்சம் வைத்திருக்கும். அந்தத் துளியிலிருந்து கொஞ்சம் கரண்ட், அந்தக் கரண்டிலிருந்து இன்னும் காந்தம், அதிலிருந்து இன்னும் கரண்ட் என்று பெருகவேண்டும். பால் எவ்வளவு இருந்தாலும் உறைமோர் ஒரு கரண்டி இல்லாமல் தயிர் ஏது? வருஷக்கணக்கில் கிடந்தால் அந்தத் துளியும் போய்விடலாம். லூகாஸ் சாமான்களை வைத்து இங்கிலாந்துக்காரர்கள் ‘இருட்டின் இளவரசன்’ என்று பண்ணாத கிண்டல் இல்லை. அதே பெயர் 1961-ல் டிவிஎஸ்ஸோடு சேர்ந்து நம் சென்னைக்கு வந்து பாடியில் பாக்டரி போட்டு நன்றாகத்தான் வாழ்கிறது. கடலை மூட்டைக்கு அடியில் கிடந்த இரும்பு காந்தத்தை மறந்தால் எந்தக் கம்பெனி என்ன செய்யும்?

பெல்ட்டை இறுக்கினோம். டைனமோவின் டி, எஃப் முனைகளை ஓர் ஒயரால் இணைத்து மீட்டரின் மறுமுனையை பாடியில் வைத்து மெல்ல ரேஸ் கொடுத்தான். டைனமோ நன்றாக இருந்தால் ஓல்ட் விறுவிறுவென்று ஏறும், 20-ஐத் தாண்டவிடக் கூடாது. இங்கே அசையவே இல்லை. கழற்றிப் பார்த்தால் கம்யூட்டேட்டர் கன்னங்கரேலென்று இருந்தது, ஒரு கார்பன் பிரஷ் கூட்டுக்குள் சிக்கி நின்றது. மெல்லிய உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரஷ்ஷை விடுவித்து, ரெகுலேட்டர் பெட்டியில் கட்-அவுட் பாயிண்டையும் துடைத்து மாட்டினோம். அப்படியும் இல்லை. அப்புறம்தான் பாயின் கடைசி வைத்தியம். பழைய இங்கிலாந்து வண்டிகளில் பாசிட்டிவ் முனை எர்த்தாக இருக்கும், அதனால் எந்த முனை பாடியில் இறங்கியிருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள். எஃப் ஒயரைக் கழற்று. பேட்டரியின் மற்ற முனையிலிருந்து ஒரு ஒயர் எடுத்து எஃப்பில் ஒரு தொடு தொட்டு எடு. தம்பி தொட்டான். சின்னதாக ஒரு பொறி. இணைப்பை மாட்டி மறுபடி ஓட்டினால் சிவப்பு விளக்கு மங்கி, தயங்கி, அணைந்தது.

நான் பெருமைப்பட்டுக்கொள்ள ஐந்து நிமிஷம் அவகாசம் கிடைத்தது. அதற்குள் தம்பி மீட்டரை இங்கேயும் அங்கேயும் வைத்துப் பார்த்துவிட்டு, “டைனமோ கிட்ட சரியா இருக்குது சார், பேட்டரிக்கு வர்றதுக்குள்ள ஒரு ஓல்ட்டுக்கு மேல காணாம போவுது” என்றான். எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டை. மேலே பார்த்தால் முழுசாகத்தான் இருந்தது, போல்ட்டைக் கழற்றியதும் துரு பொடியாகக் கொட்டிற்று. சுரண்டிச் சுத்தம் செய்து புதுப் பட்டை போட்டான். செல்ஃப் போட்டால் எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. முனகல் இல்லை, ‘டக்’ இல்லை.

எனக்கு அப்போது வந்த சந்தேகத்தை யாரிடம் சொல்வது? சார்ஜ் போகிற அதே வழியாகத்தானே செல்ஃப்புக்கும் கரண்ட் போகவேண்டும். அந்தப் பட்டை எந்தக் காலத்திலிருந்து அப்படி இருந்ததோ! பெரியப்பா வாங்கிப் போட்ட அத்தனை பேட்டரிகளும், பாயின் வாடகையும், வாத்தியாரின் மடித்த வேட்டியும் ஒரு போல்ட்டுக்கு அடியிலிருந்த துருவுக்காகவா? பாயின் காதுக்கும் மூக்குக்கும் கண்ணுக்கும் எட்டாத ஒரு ஓல்ட்டை, இணையத்தில் சல்லிசாகக் கிடைக்கும் மீட்டர் கண்டுபிடித்துவிட்டது. அது அன்றே எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் தெருவில் யாரும் வண்டி தள்ளியிருக்க மாட்டார்கள், ராத்திரி மலையைச் சுற்றியிருக்கவும் மாட்டோம். நல்லவேளை, வரவில்லை என்று சொல்லத்தான் வாய் வருகிறது. பேட்டரி வாங்கக் காசு எண்ணிக்கொடுத்த பெரியப்பா இருந்தால் என் வாயை மூடியிருப்பார்.

சோதனை ஓட்டம் போளூர் ரோடு பக்கம் போனோம். சிக்னலில் நின்றதும் சிவப்பு விளக்கு மறுபடி எரிந்தது. தம்பி பதறிப்போனான். பதறாதே, ஸ்லோவில் நிற்கும்போது டைனமோ சார்ஜ் தராது, நகர்ந்தால் அணைந்துவிடும், அதுதான் அதன் சுபாவம் என்றேன். நகர்ந்தால்தானே? 1989-ல் மாவட்டத் தலைநகரான ஊர், 2024-ல் மாநகராட்சியும் ஆகிவிட்ட ஊர். முன்னால் வேன், பின்னால் ஆந்திரப் பதிவெண் பஸ், பக்கத்தில் ஷேர் ஆட்டோ. பௌர்ணமி என்றால் பஸ்ஸையே ஊருக்கு வெளியே நிறுத்திவிடுகிறார்கள், நடந்துதான் உள்ளே வரவேண்டும். இந்த டைனமோவைச் செய்தவர்கள் மனசில் வைத்திருந்தது, மாடு குறுக்கே வந்தால் மட்டும் நிற்கிற வண்டியை.

“ஆல்டர்னேட்டர் போட்டுடலாம் சார். நின்னுகினே இருந்தாலும் சார்ஜ் ஏறும்.”

ஓடாமலே சார்ஜ் ஏற்றுகிற கருவியை, ஓட இடமில்லாமல் போனபின் நமக்குக் கொடுத்திருக்கிறார்கள். நேரம் பார்த்துத்தான் வந்திருக்கிறது. போட்டோ முடியட்டும், போட்டுவிடலாம் என்றேன். டைனமோவை என்ன செய்வது, பழைய இரும்புக்குப் போட்டுவிடவா என்று கேட்டான். போடாதே, கொட்டகையில் பலகை ஒன்று கிடக்கிறது, அதன்மேல் வை, தரையில் வைக்காதே என்று சொல்லி அனுப்பினேன்.