பலாலி பக்கம், பல்லாவரம் தூரம்

சென்னை மீனம்பாக்கத்துக்கும் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கும் இடையே வான்வழித் தூரம் சுமார் 355 கிலோமீட்டர். சாலையில் திருச்சிக்குப் போவதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். இரண்டு ஊர்களும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில் இருப்பதால், விமானம் தெற்கே பார்த்து மூக்கை நீட்டினால் போதும். கடிகாரத்தையும் திருப்ப வேண்டாம். இரு நாட்டுக்கும் ஒரே நேரம்.

மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் போகும் ஏடிஆர் விமானம் இந்தத் தூரத்தை முக்கால் மணியில் கடந்துவிடலாம். ஆனால் அட்டவணை ஏறக்குறைய ஒன்றேகால் மணி காட்டும். விமானம் நின்ற இடத்திலிருந்து நகர்ந்தது முதல் மறு ஊரில் போய் நிற்கும் வரை எல்லாமே பயண நேரம்தான். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, மேலே ஏறுவது, இறங்க இடம் கேட்டு வட்டமடிப்பது எல்லாம் அதில் அடக்கம்.

இந்த வழித்தடம் புதிதல்ல. 1947 டிசம்பரில் ஏர் சிலோனின் முதல் விமானமே கொழும்பை அடுத்த ரத்மலானையில் கிளம்பி, யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறையில் இறங்கி, சென்னைக்கு வந்தது. போர் அதை நிறுத்திவிட்டது. 2019 நவம்பரில் சேவை மீண்டும் தொடங்கும்வரை யாழ்ப்பாணம் போகிறவர்கள் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டார்கள்: 645 கி.மீ. பறந்து கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவில் இறங்கி, தாண்டி வந்த ஊருக்கு வடக்கே திரும்பி ஏறக்குறைய 400 கி.மீ. பேருந்தில்.

தூரத்தை மதிக்காத விமானமும் உண்டு. ஸ்காட்லாந்தின் வடக்கே வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற இரு தீவுகளுக்கு இடையே பறக்க வேண்டியது 2.7 கி.மீ.; இரண்டே நிமிடம். மீனம்பாக்கத்தின் பெரிய ஓடுபாதையே 3.6 கி.மீ.க்கு மேல். அந்தத் தீவு விமானம் இங்கே ஒரு முனையில் கிளம்பினால், மறுமுனை வருமுன் ஊர் வந்துவிடும்.

அந்த ஓடுபாதையின் மேற்கு முனைப் பக்கம் இருப்பது பொழிச்சலூர். காற்று கிழக்கிலிருந்து வீசும் நாட்களில் விமானங்கள் இந்தப் பக்கமாகத்தான் இறங்கும். சரிவு மூன்று பாகை. ஓடுபாதைக்கு ஒரு கி.மீ. முன்னால் உயரம் 70 மீட்டர்கூட இருக்காது. அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுக்கும். பேசுகிறவர் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, விமானம் போனபின் விட்ட இடத்தில் தொடங்குவார். வெளியூர் விருந்தாளிதான் அண்ணாந்து பார்ப்பார்.

ஆனால் விமான நிலையத்தின் வாசல் மறுபக்கத்தில், ஜி.எஸ்.டி. சாலையில். பொழிச்சலூர்வாசி பம்மல் வழியாகப் பல்லாவரம் வந்து, அங்கே நெரிசலில் நின்று, பிறகுதான் நிலையத்தை அடைய முடியும். வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்வார்கள். ஒன்றேகால் மணிப் பயணத்துக்கு நான்கு மணி நேரம் முன்பே வீட்டைப் பூட்ட வேண்டும். ஊரிலுள்ள அகத்தீஸ்வரர் கோயில் வட திருநள்ளாறு என்று பெயர் பெற்ற சனித் தலம். சூரியனைச் சுற்ற ஏறத்தாழ 30 ஆண்டு எடுத்துக்கொள்ளும் மந்தனுக்கு இந்த ஊரைக் காட்டியவர் விவரமானவர்.

திரும்பி வருகையில் இன்னும் சங்கடம். பயணி தன் வீட்டு மொட்டைமாடியில் காயும் வேட்டியை ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, குடியேற்றச் சோதனை வரிசையில் போய் நிற்பார். தலைக்கு மேல் சத்தம் கேட்டதும் உலை வைத்தால் சோறு ஆறிப்போகும். பல்லாவரம் தாண்டிவிட்டதாகப் போன் வந்தபிறகு அரிசி களைந்தால் போதும்.