விழுவதற்கு நல்ல நேரம்

அப்பத்தாக்களே, இனி விழுவதாக இருந்தால் நாள் நேரம் பார்த்து விழுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாத்ரூமில் வழுக்கி இடுப்பு முறிந்தால் திங்கட்கிழமை வரை அரசு மருத்துவமனையின் அறுவை அரங்கம் உங்களுக்குத் திறக்காது. பொங்கலுக்கு முந்தின நாள் கூடவே கூடாது. உகந்தது திங்கள் காலை எட்டு மணி. அதிலும், எக்கோ எடுப்பவர் லீவு போடாத வாரமாக இருக்க வேண்டும். காப்பீட்டு அட்டையிலும் ஆதாரிலும் உங்கள் பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் பார்க்காமல் விழுந்துவிட்டீர்களா? காலில் கட்டுத்துணி சுற்றி, கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் ஒரு செங்கல்லைத் தொங்கவிடுவார்கள். அறுவைக்கு முன்னால் இப்படி எடை கட்டி இழுப்பதால் வலி குறைகிறது என்பதற்குச் சான்றில்லை என்று ஆய்வாளர்கள் சொல்லி வெகுகாலமாகிறது. தொடையருகே நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஒரு ஊசி நன்றாகவே வலியைக் குறைக்கும். ஆனால் ஊசி போட மயக்க மருந்து டாக்டர் வர வேண்டும். செங்கல்லுக்கு யாரும் வர வேண்டியதில்லை.

அடுத்தது ஃபிட்னஸ், அதாவது அறுவையைத் தாங்கும் உடம்பு என்ற சான்று. ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் கையில் நூறு ரூபாயை வைத்து, தரையின் ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் ஒடிந்த எலும்பு உரச, இதய டாக்டரிடம் போய்க் கையெழுத்து வாங்கி வர வேண்டும். ராத்திரி பன்னிரண்டு மணியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. மறுநாள் மதியம் மூன்று மணிக்குச் சேதி வரும்: "இன்னிக்கு லிஸ்ட்டுல பேரு இல்லம்மா, நாளைக்குப் பாத்துக்கலாம்." நாளைக்கும் அதே பட்டினி, அதே மூன்று மணி. வைகுண்ட ஏகாதசி என்று நினைத்துக்கொள்ளுங்கள், புண்ணியமாவது மிஞ்சும்.

மூன்றாம் ராத்திரி, செத்துப்போன புருஷனுக்குச் சோறு போட வேண்டுமென்று நீங்கள் எழுந்திருக்கப் பார்ப்பீர்கள். "பெருசுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு" என்று கையைக் கட்டிலோடு கட்டுவார்கள். பேதலித்தது வலியால், பட்டினியால், தூக்கமில்லாததால். பல நேரம் தடுத்திருக்கக்கூடியது. அப்புறம் முதுகில் படுக்கைப்புண், நெஞ்சில் சளி. சான்றிதழில் "மாரடைப்பு" என்றிருக்கும். சொந்தபந்தம் "வயசாயிடுச்சுல்ல" என்று கும்பிட்டுவிட்டுப் போகும். தாமதத்தால் செத்தார் என்று எழுத அந்தக் காகிதத்தில் கட்டமே இல்லை.

டாக்டர்களைத் திட்டி என்ன பயன்? இருக்கிற ஒரு அரங்கத்தில் விடிய விடிய பைக் விபத்துகள். இருபது வயசுத் தொடை எண்பது வயசு இடுப்பை எப்போதும் முந்திக்கொள்ளும். தனியாரில் பணம் கட்டினால் மறுநாளே அறுவை நடக்கிறதே, அந்த உடம்புக்கு மட்டும் ஃபிட்னஸ் எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்தில் மந்திரம் எதுவும் போடவில்லை. இடுப்பு முறிந்தவர்களுக்கென்று 2007இல் ஒரு தேசியப் பதிவேடு தொடங்கினார்கள். 36 மணி நேரத்துக்குள் அறுவை, முதியோர் மருத்துவரின் கவனிப்பு என்று சில நிபந்தனைகள் வைத்து, நிறைவேற்றும் மருத்துவமனைக்குக் கூடுதல் பணம் என்று 2010இல் சொன்னார்கள். 30 நாளுக்குள் இறந்தவர்கள் 2007இல் 10.9 சதவீதம், 2011இல் 8.5.

நமக்கு முதியோர் மருத்துவம் தெரியாதா? இந்தியாவின் முதல் முதியோர் மருத்துவப் பிரிவு 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில்தான் பிறந்தது. பிறந்த பிள்ளை இன்னும் மாவட்ட எலும்பு வார்டுகள் வரை நடந்து வந்து சேரவில்லை.

ஆட்சியாளர்களே, புது மருத்துவமனைக் கட்டடம் ஒவ்வொன்றிலும் திறந்து வைத்தவர் பெயரைப் பளிங்கில் வெட்டுகிறீர்கள். பக்கத்திலேயே ஒரு கரும்பலகை மாட்டுங்கள்: போன மாதம் இடுப்பு முறிந்து வந்தவர்கள் எத்தனை பேர், அறுவைக்குக் காத்திருந்தது எத்தனை மணி நேரம், 30ஆம் நாள் உயிரோடிருந்தவர்கள் எத்தனை பேர். அது வரும்வரை, வீட்டுப் பெரியவர்களைச் சேர்க்கப் போகிறவர்கள் வாய்விட்டுக் கேளுங்கள்: "ஆபரேஷன் எத்தனை மணிக்கு? மறுநாள் எழுப்பி நிற்க வைக்கப்போவது யார்?" பதில் வரும்வரை அந்த இடத்தைவிட்டு நகராதீர்கள்.